காற்றுக்கு முக்கால் கிராம்

ஒன்பது வருஷமாக அடகுக் கடையில்
தராசுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.
மேலே மின்விசிறி சுற்றினால்கூட
எண் மாறுகிற தராசு.
மூக்குத்தி, ஜிமிக்கி, தாலிக் குண்டு;
கல்லுக்குக் கழிவு, அரக்குக்குக் கழிவு,
அழுக்குக்கும் கழித்துத்தான் எழுதுவேன்.
முதலாளி சொன்ன கணக்கு அது:
சந்தேகம் வந்தால் நம் பக்கம்.

தீபாவளி போய் மூன்றாம் நாள்
மீந்த விசில் ராக்கெட் ஒரு பெட்டியோடு
தில்லிபாபு வந்தான்.
"யுவராணிக்கா, இத கொஞ்சம் நிறுத்துக் குடு."
ஒன்று நாற்பத்தொரு கிராம்.
அடுத்தது நாற்பத்து மூன்று.
அதற்கடுத்தது முப்பத்தெட்டு.
ஒரே பெட்டி, ஒரே லேபிள்,
ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை.
"இதுங்க மேல என்னத்த ஏத்தப் போற?"
கேமரா என்றான்.
உடைந்த பொம்மை ஹெலிகாப்டரில் பிடுங்கியது.
பதினாலு புள்ளி ஆறு.

பாலாற்றை மேலேயிருந்து பார்க்க வேண்டுமாம்.
ராத்திரி இறங்கும் லாரிகள்
எத்தனை குழி போட்டிருக்கின்றன என்று.
போன மனுவில் 'பல குழிகள்' என்று எழுதினான்.
பல என்றால் எத்தனை என்று
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிறு விடிகாலை, காற்று கிளம்புவதற்குள்,
பள்ளிகொண்டா பாலத்துக்கு மேற்கே.
அவன், நான், டேங்க் ஆபரேட்டர் முனிரத்தினம்,
ரெண்டு பக்கெட் தண்ணீர்.
ஆற்றுக்குத் தண்ணீர் நாங்கள்தான் கொண்டுபோனோம்.

மணலில் குழாய் நட்டோம்.
இருபது தப்படி தள்ளி நின்றோம்.
ஒரு ரூபாய்க் காசு ஒன்று, மூணே முக்கால் கிராம்:
ஒன்றுமே ஏற்றாத மாதிரி கத்திக்கொண்டு போனது.
ரெண்டு காசு:
போனது, கொஞ்சம் யோசித்து.
மூன்று காசு:
குழாயை விட்டு வந்ததும் தலை கனத்துப்
படுத்தது. படுத்தபடியே
மணலை உழுதுகொண்டு எங்களைப் பார்த்து வந்தது.
லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு
ஓடிய முனிரத்தினம் சொன்னதை
இங்கே எழுத முடியாது.
அப்புறம் நாங்கள் லாரிக்காரன் வெட்டிய
குழி ஒன்றில் இறங்கி நின்றோம்.

ஏழரையில் போகிறது.
பதினொன்றே காலில் ஆளைத் தேடுகிறது.
நடுவில் எங்கேயோ இருக்கிறது கோடு.
"ஒம்போது வெச்சிப் பாப்பமா?"
ஒரு தடவை போவது வேறு,
போகும் என்று நம்பி நிற்பது வேறு.
ஆறு என்றேன்.
"ஏழரதான் போச்சேக்கா!"
போச்சு. மருந்தில் ஈரமிருந்தால் அதற்கு முக்கால்.
காற்றுக்கு முக்கால்.
முதலாளிக்குப் போகாத கழிவை
அன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதினேன்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கேமராவை உரித்தோம்.
பிளாஸ்டிக் ஓடு போச்சு. ஒன்பது புள்ளி நாலு.
பேட்டரியை எடுத்துவிட்டு
காது போன் பேட்டரி ஒன்றை மாட்டினான்.
ஆறு புள்ளி ரெண்டு.
"ராக்கெட்டப் பிரிச்சி மருந்த அட்ஜஸ்ட் பண்ணா?"
அதில் கை வைத்தால்
நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன்.
ஸ்டிக்கரைச் சுரண்டினான். வால் ஒயரை வெட்டினான்.
ஐந்து புள்ளி ஒன்பது ஐந்து.
சிரித்தான்.
"டேப்பு?" என்றேன்.
சிரிப்பு நின்றது.
மறுபடி ஒயர், மறுபடி தராசு.

அடுத்த ஞாயிறு அது போனது.
ஒன்பது விநாடிப் படம்:
முதலில் புகை, அப்புறம் சூரியன்,
பாலம் தலைகீழாக,
கடைசியில், விழத் தொடங்குவதற்கு முன்,
ஆறு.
அம்மை போட்ட முகம் மாதிரி ஆறு.

பதினாறு என்றான் தில்லிபாபு.
ரெண்டு, நிழலாகவும் இருக்கலாம்.
கழித்துப் பதினாலு என்று மனுவில் எழுதினேன்.
முனிரத்தினம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
போனுக்குள் குனிந்தார்.
ஓரத்துக் குழியில் மூன்று புள்ளிகள்.
"நாம நின்னதையும் சேத்தா?"
சேர்த்துத்தான் என்றேன்.